ஒரே வாரம், இரண்டு பயணங்கள்: ஊரடங்கை மீறியவர்கள் யார்?

2020 மார்ச் 27, வெள்ளிக்கிழமை இரவு. லண்டனிலிருந்து ஒரு கார் வடக்கே கிளம்பியது. உள்ளே கணவன், மனைவி, நான்கு வயது மகன். மனைவிக்கு உடம்பு சரியில்லை. தனக்கும் வந்துவிட்டால் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கணவனுக்குக் கவலை. சுமார் 260 மைல் தள்ளி, டர்ஹம் நகருக்கு அருகில் அவருடைய பெற்றோரின் பண்ணை இருந்தது. பக்கத்திலேயே உறவினர்களும் இருந்தார்கள். அங்கே போய்விட்டால் ஆபத்துக்கு யாராவது கை கொடுப்பார்கள்.

மறுநாள், சனிக்கிழமை. டில்லியின் கிழக்கு எல்லையில் உள்ள ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தில் பல்லாயிரம் பேர் மூட்டை முடிச்சுகளோடு நின்றார்கள். கட்டட வேலை, தையல் வேலை, ஓட்டல் வேலை, ரிக்‌ஷா என்று நாள்கூலியில் வாழ்ந்தவர்கள். வேலை நின்று மூன்று நாளாகியிருந்தது. கையில் காசு இல்லை, வாடகைக்கு வழியில்லை. ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் சொந்தபந்தம் இருக்கிறது, கஞ்சியாவது கிடைக்கும். பேருந்தில் இடம் கிடைக்காதவர்கள் நடக்கத் தொடங்கினார்கள்.

இரண்டு பயணங்களுமே அந்தந்த நாட்டு ஊரடங்கு விதிகளோடு மோதின. இரண்டுக்குமான காரணம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: இக்கட்டு வரும்போது சொந்தக்காரர்களின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற தவிப்பு. ஆனால் காரில் போனவர் டொமினிக் கம்மிங்ஸ். பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜான்சனின் தலைமை ஆலோசகர். "வீட்டிலேயே இருங்கள்" என்று நாட்டுக்குச் சொன்ன அலுவலகத்தின் முக்கியமான ஆள். இரண்டு மாதம் கழித்துச் செய்தி வெளியானபோது, பிரதமர் இல்லத்துத் தோட்டத்தில் மேசை போட்டு உட்கார்ந்து தன் தரப்பை விளக்க அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. டில்லிப் பக்கமிருந்து உத்தரப் பிரதேசத்துக்குத் திரும்பியவர்களில் ஒரு கூட்டத்தை, மார்ச் 30 அன்று பரேலியில் சாலையில் உட்கார வைத்து, கிருமிநாசினிக் கரைசலைக் குழாயால் பீய்ச்சியடித்தார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள்.

ஊரடங்கு மீறல் என்ற சொல்லுக்குள் இந்த இரண்டும் ஒன்றாக அடங்கிவிடுகின்றன. போக வேறு வழியே இல்லாமல் மீறியவர்கள் ஒரு பக்கம். விதி தனக்குக் கொஞ்சம் நெகிழும் என்று நம்பி மீறியவர்கள் மறுபக்கம். சட்டத்தின் வாசகம் இவர்களைப் பிரித்துப் பார்ப்பதில்லை. நாம் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் 2020, 2021 ஆண்டுகளில் சாலைகளிலும் எல்லைகளிலும் விமான நிலையங்களிலும் என்ன நடந்தது என்பது விளங்காது.

எட்டு மணி நேரம், நான்கு மணி நேரம்

ஊரடங்கில் முதல் நெருக்கடி எப்போதுமே நேரம்தான். சீனாவின் வூஹான் நகரை அடைக்கும் முடிவு 2020 ஜனவரி 23 அதிகாலை இரண்டு மணி வாக்கில் அறிவிக்கப்பட்டது. காலை 10 மணிக்கு ரயிலும் விமானமும் நின்றன. 1 கோடியே 10 லட்சம் பேர் வாழும் நகரம். பண்டிகைக்காகவும் வேறு காரணங்களுக்காகவும் ஏறத்தாழ 50 லட்சம் பேர் அதற்குள் வெளியேறியிருந்தார்கள் என்று சில நாள் கழித்து நகர மேயரே சொன்னார்.

இத்தாலியில் நடந்தது வேறு விதம். மார்ச் 7 இரவு, லொம்பார்டி மாகாணத்தை அடைக்கும் ஆணையின் வரைவு, கையெழுத்தாவதற்கு முன்பே ஊடகங்களுக்குக் கசிந்துவிட்டது. மிலான் ரயில் நிலையத்தில் மக்கள் பெட்டிகளோடு ஓடித் தெற்கே போகும் இரவு ரயில்களில் ஏறினார்கள். அவர்களில் பலர் தென்மாகாணங்களிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் வடக்கே வந்தவர்கள். அந்த நேரத்தில் ஆணை சட்டமாகவில்லை. எனவே அவர்கள் எதையும் மீறவில்லை. ஆனால் ஊரடங்கு எதைத் தடுக்க நினைத்ததோ அது அந்த ரயில்களில் நடந்தது.

இங்கே ஒரு உண்மையான சிக்கல் இருக்கிறது. அவகாசம் கொடுத்தால் மக்கள் கிளம்புவார்கள், கிருமியும் கூடவே கிளம்பும். அவகாசம் கொடுக்காவிட்டால் நின்ற இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் ஆட்சி செய்த யாருக்கும் இதிலிருந்து சுலபமாகத் தப்ப முடிந்ததில்லை. 1377-இல் ரகூசா, அதாவது இன்றைய துப்ரோவ்னிக், பிளேக் பரவிய இடங்களிலிருந்து வருவோரை ஊருக்குள் விடாமல் 30 நாள் வெளியே தங்க வைத்தது. பிறகு மற்ற துறைமுகங்களில் அது 40 நாளானது. 'குவாரண்டைன்' என்ற சொல்லே நாற்பது என்பதிலிருந்து வந்ததுதான். ஆனால் ரகூசா, காத்திருக்க வேண்டியவர்களுக்கு இடத்தையும் சொன்னது: பக்கத்தில் ஒரு தீவு, இல்லையென்றால் காவ்தாத் என்ற சிறு நகரம். தடுக்கும்போதே எங்கே தங்குவது என்பதும் விதிக்குள் இருந்தது.

இந்தியாவில் மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் மோடி அறிவித்தார்; நள்ளிரவில் நாடு அடைபட்டது. இடையே நான்கு மணி நேரம். பயணிகள் ரயில்களோ அதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்தப்பட்டிருந்தன. ஊரடங்குக்கு அவகாசம் குறைவாக இருந்தது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, மாட்டிக்கொள்பவர்கள் எதைச் சாப்பிடுவார்கள் என்ற கேள்விக்கு அந்த இரவில் பதில் இல்லாததுதான். புலம்பெயர்ந்த தொழிலாளியின் ரேஷன் அட்டை பெரும்பாலும் அவருடைய சொந்த ஊரில் இருந்தது. எந்த மாநிலத்திலும் ரேஷன் வாங்கலாம் என்ற 'ஒரே நாடு, ஒரே ரேஷன்' திட்டம் அப்போது எல்லா மாநிலங்களுக்கும் வந்திருக்கவில்லை. ஆகவே உணவுக்கான உரிமை ஒரு ஊரில், ஆள் இன்னொரு ஊரில். நடந்து போனவர்களை "பொறுப்பில்லாதவர்கள்" என்று திட்டியவர்கள் இந்த ஒரு விவரத்தைப் பார்த்திருந்தால் போதும்.

மார்ச் 29 அன்று மத்திய உள்துறை ஓர் ஆணை போட்டது. மாநில எல்லைகளை மூட வேண்டும், கிளம்பியவர்களைத் தனிமை முகாமில் வைக்க வேண்டும், வீட்டுக்காரர்கள் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது, முதலாளிகள் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. காகிதத்தில் இது நியாயமான ஆணைதான். ஆனால் எல்லையை மூடப் போலீஸ் இருந்தது. வாடகை கேட்ட வீட்டுக்காரரையும், மேஸ்திரி வழியாகக் கூலி கொடுத்துக் கணக்கே வைக்காத ஒப்பந்தக்காரரையும் பிடிக்க யாரும் இல்லை. சம்பளம் பற்றிய பகுதி நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டு, மே 18-ஆம் தேதியோடு கைவிடப்பட்டது.

மே 2 அன்று, இந்தூர் அருகே சோதனைச்சாவடியில் ஒரு கான்கிரீட் கலவை லாரியைப் போலீஸ் நிறுத்தியது. கலவை சுழலும் உருளைக்குள்ளிருந்து 18 பேர் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். மகாராஷ்டிரத்திலிருந்து லக்னோவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆறு நாள் கழித்து, மே 8 விடியற்காலையில், அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் படுத்துத் தூங்கிய 16 தொழிலாளர்கள் மீது சரக்கு ரயில் ஏறியது. ரயில் ஓடவில்லை என்று நினைத்துத் தண்டவாளத்தில் நடந்தவர்கள் அவர்கள். சாலையில் போனால் போலீஸ் மறிக்கும் என்பதால்தான் பலரும் தண்டவாளத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். விதியை அமல்படுத்திய விதமே அவர்களை இன்னும் ஆபத்தான பாதைக்குத் தள்ளியது.

வீடு எது?

உலகம் முழுக்க ஊரடங்கு விதிகள் 'வீடு' என்ற ஒரு சொல்லின் மேல் நின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு உண்டு, அது ஒரே நாட்டில், ஒரே எல்லைக்குள் இருக்கும், அதற்குள் போதுமான இடமும் இருக்கும் என்பது அந்தச் சொல்லுக்குள் இருந்த எண்ணம். வாழ்க்கை அப்படி இல்லை.

ஆஸ்திரேலியாவில் அல்பரி, வொடோங்கா என்று இரட்டை நகரங்கள் உண்டு. நடுவில் மர்ரி ஆறு. ஒன்று நியூ சவுத் வேல்ஸ், மற்றது விக்டோரியா. மருத்துவமனை நிர்வாகம்கூட இரண்டுக்கும் ஒன்றுதான். 2020 ஜூலை 8 அன்று இந்த மாநில எல்லை மூடப்பட்டது. 1919-இன் ஸ்பானிய காய்ச்சலுக்குப் பிறகு முதல் முறையாக. ஆற்றின் இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வேலை என்று இருந்தவர்கள் பாலத்தைக் கடக்கவே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதாயிற்று.

ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரமும் சுவிட்சர்லாந்தின் க்ரொய்ட்ஸ்லிங்கனும் ஒட்டிப் பிறந்தவை போன்றவை. மார்ச் மாதத்தில் நடுவே கம்பி வேலி போட்டார்கள். எதிரெதிர் நாட்டில் வாழ்ந்த காதலர்களும், பாட்டி தாத்தாக்களும் பேரப்பிள்ளைகளும் வேலிக்கு இரு பக்கமும் நின்று, கம்பி வழியே கையைப் பிடித்துக்கொண்டார்கள். அதைத் தடுக்க, சில அடி தள்ளி இரண்டாவது வேலி வந்தது. அந்த வேலிக்கு அருகே நின்றவர்கள் யாரும் சட்டத்தை எதிர்க்க வந்தவர்கள் அல்லர்.

வீடே இல்லாத நிலையில் கடலில் இருந்தவர்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. சரக்குக் கப்பல் ஊழியர்களை மாற்றும் துறைமுகங்கள் அடைபட்டதால், ஒப்பந்தக் காலம் முடிந்தும் இறங்க முடியாமல் உச்சக்கட்டத்தில் சுமார் 4 லட்சம் பேர் கப்பல்களிலேயே தங்கிப்போனார்கள். சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தப்படி ஒருவரைத் தொடர்ந்து 12 மாதத்துக்கு மேல் கப்பலில் வைத்திருக்கக் கூடாது. இங்கே விதியை மீறியவை அரசுகளும் துறைமுகங்களும். அதற்கு அபராதம் கட்டியவர் யாரும் இல்லை. நாம் ஊரடங்கில் வாங்கிய எரிபொருள் முதல் பல பொருள்கள் அந்தக் கப்பல்களில்தான் வந்தன.

பனாமாவில் விதி இன்னொரு அனுமானத்தின் மேல் நின்றது. ஏப்ரல் 1 முதல் பெண்கள் திங்கள், புதன், வெள்ளி. ஆண்கள் செவ்வாய், வியாழன், சனி. அடையாள அட்டையின் கடைசி எண்ணைப் பார்த்து வெளியே போகும் நேரமும் குறித்தார்கள். ஆள் நடமாட்டத்தைப் பாதியாக்குவதும் போலீஸ் சட்டென்று கண்டுபிடிப்பதும்தான் நோக்கம். திருநங்கைகள் எந்த நாளில் வெளியே போவது? அட்டைப்படி போனாலும் பிடித்தார்கள், தோற்றப்படி போனாலும் பிடித்தார்கள். பெருவும் அதே முறையை ஆரம்பித்து, பெண்களுக்குரிய நாள்களில் கடைகளில் கூட்டம் நெரிந்ததால் ஒரு வாரத்திலேயே கைவிட்டது. குடும்பத்துக்குக் காய்கறி வாங்குவது யார் என்பதை விதி எழுதியவர்கள் யோசித்திருக்கவில்லை.

காகிதமும் அதன் சந்தையும்

நடமாட்டத்தைத் தடை செய்தால் விதிவிலக்கு வேண்டும். விதிவிலக்கு வேண்டுமென்றால் அதற்குச் சான்று வேண்டும். இப்படித்தான் உலகம் முழுக்கப் பயண அனுமதிக் காகிதம் பிறந்தது.

பிரான்ஸ் 2020 மார்ச் 17 முதல், வெளியே வரும் ஒவ்வொருவரும் காரணத்தைக் குறித்துத் தாங்களே கையெழுத்திட்ட படிவத்தை வைத்திருக்க வேண்டும் என்றது. நடைப்பயிற்சி என்றால் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அச்சுப்பொறி இல்லாதவர்கள் முழு வாசகத்தையும் கையால் எழுதி எடுத்துப் போனார்கள். ஏப்ரல் 6-இல் கைபேசிப் படிவம் வந்தது. மீறினால் 135 யூரோ. முதல் ஊரடங்கில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் அபராதங்கள் விதிக்கப்பட்டன. இத்தாலியிலும் இதே வகைப் படிவம்தான். ஆனால் மார்ச் மாதத்துக்குள்ளேயே பல முறை அது மாறியது. நேற்றுப் பூர்த்தி செய்த படிவம் இன்று செல்லாது.

பிரான்ஸ் முறையில் ஒரு நல்லது இருந்தது. அங்கே மனிதன் தன் காரணத்தைத் தானே எழுதினான். போலீஸ் பிறகு சோதித்தது. இந்தியாவில் பெரும்பாலும் முன் அனுமதி முறை. யாரோ ஒருவர் கணினித் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து உங்கள் காரணம் போதுமா என்று முடிவு செய்வார். தமிழ்நாட்டின் இ-பாஸ் நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். திருமணம், மருத்துவ அவசரம், நெருங்கிய உறவினரின் மரணம் ஆகியவைதான் ஏற்கப்பட்ட காரணங்கள். மூன்றும் நியாயமானவை. ஆனால் இந்த மூன்றில் மரணத்துக்கு மட்டும் காத்திருக்க நேரமில்லை. இறப்புச் சான்றிதழ் கைக்கு வருமுன் அடக்கம் முடிந்துவிடும். சான்று இல்லாமல் பாஸ் இல்லை, பாஸ் வருவதற்குள் உடல் இல்லை. பெற்றவரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க, சோதனைச்சாவடி இல்லாத கிராமத்துச் சாலைகளைத் தேடி இருட்டில் வண்டி ஓட்டியவர்களைக் குற்றவாளி என்று சொல்ல என்னால் முடியாது.

நெரிசலான வாசல் எதுவாக இருந்தாலும் அதன் பக்கத்தில் தரகர் வந்து நிற்பார். இ-பாஸ் வாங்கித் தருவதாகப் பணம் பறித்தவர்கள் கைதானார்கள். பொய்க் காரணங்கள், போலித் திருமணப் பத்திரிகைகள், போலி மருத்துவச் சீட்டுகள் பெருகின. ஆகஸ்ட் 17 முதல் ஆதார் அல்லது ரேஷன் அட்டை விவரத்தோடு விண்ணப்பித்த எல்லாருக்கும் உடனே பாஸ் என்று அரசு அறிவித்ததும் தரகருக்கு வேலை இல்லாமல் போயிற்று. மாநிலங்களுக்குள்ளும் மாநிலங்களுக்கு இடையிலும் பயணத்தைத் தடுக்கக் கூடாது என்று மத்திய அரசும் அந்த மாதம் எழுதியது. செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் பயணிக்க இ-பாஸே வேண்டாம் என்றானது.

இதே கதை இன்னும் பெரிய விலையில் விமான நிலையங்களில் நடந்தது. பயணிக்க 'நெகட்டிவ்' சான்றிதழ் கட்டாயமானதும் போலிச் சான்றிதழ்கள் விற்பனைக்கு வந்தன. பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையத்தில் 150 முதல் 300 யூரோ வரைக்கு அவற்றை விற்ற ஒரு கும்பல் 2020 இறுதியில் பிடிபட்டது. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் அடுத்த பிப்ரவரியில் எல்லா நாடுகளையும் எச்சரித்தது. இந்த மீறலை மன்னிக்க எனக்கு மனமில்லை. பாஸ் இல்லாமல் தனியே வண்டியில் போகிறவர் பெரும்பாலும் தன்னைத்தான் பணயம் வைக்கிறார். தொற்றோடு போலிச் சான்று காட்டி விமானத்தில் ஏறுகிறவர், பக்கத்து இருக்கையில் இருப்பவரின் நம்பிக்கையைத் திருடுகிறார். மீறல்களை எடைபோட இப்படியும் ஓர் அளவுகோல் உண்டு: ஆபத்தை யார் தலையில் வைத்தார்கள்?

காகிதமே கிடைக்காதபடி வாசலை முழுதும் மூடியவையும் உண்டு. ஆஸ்திரேலியா 2020 மார்ச் முதல் 2021 நவம்பர் வரை தன் குடிமக்கள் சிறப்பு அனுமதியின்றி நாட்டை விட்டுப் போகவே தடை போட்டது. உள்ளே வருவோருக்கும் வாராந்திர உச்சவரம்பு. 2021 மே மாதம், இந்தியாவில் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, இந்தியாவிலிருந்து திரும்பும் சொந்தக் குடிமக்களுக்கே 5 ஆண்டு வரை சிறை, 66,600 ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம் என்று அறிவித்தது. அப்போது சுமார் 9,000 ஆஸ்திரேலியர்கள் திரும்ப வழி கேட்டு இந்தியாவில் காத்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் யாராக இருந்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை: வயதான பெற்றோரைப் பார்க்க வந்த இந்திய வம்சாவளியினர். அந்தத் தடை மே 15-இல் முடிந்தது. ஆனால் கடவுச்சீட்டு ஒருவருக்கு வாக்களிப்பது என்ன என்ற கேள்வி அவர்கள் மனத்தில் அதோடு முடிந்திருக்காது.

நியூசிலாந்து தன் தனிமைப்படுத்தல் ஓட்டல்களில் அறைகளை இணையவழிக் குலுக்கல் போல ஒதுக்கியது. தாய் சாகக் கிடக்கிறாள் என்பவரும் விடுமுறைக்குத் திரும்புகிறவரும் ஒரே மெய்நிகர் வரிசையில் எண்ணுக்காகக் காத்திருந்தார்கள். 2022 ஏப்ரலில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், தனிமைப்படுத்தல் தேவையானதுதான், ஆனால் ஒவ்வொருவரின் அவசரத்தையும் எடைபோடாத அந்த ஒதுக்கீட்டு முறை குடிமக்கள் நாடு திரும்பும் உரிமையை நியாயமின்றிக் குறுக்கியது என்று தீர்ப்பளித்தது.

தடியும் அபராதமும்

இங்கிலாந்தில் நாளுக்கு ஒரு முறை மட்டும் உடற்பயிற்சிக்கு வெளியே போகலாம் என்று எல்லாரும் நம்பினார்கள். அரசு அப்படித்தான் சொன்னது. ஆனால் இங்கிலாந்தின் சட்ட வாசகத்தில் 'ஒரு முறை' என்ற வரம்பே இல்லை; அது வெறும் அறிவுரை. பக்கத்து வேல்ஸில் அதுவே சட்டம். எல்லைக்கு இந்தப் பக்கம் இரண்டாம் முறை நடந்தால் குற்றமில்லை, அந்தப் பக்கம் குற்றம். இது மக்களுக்கும் தெரியவில்லை, பல இடங்களில் போலீசுக்கும் தெரியவில்லை.

மார்ச் கடைசியில் நியூகாசில் ரயில் நிலையத்தில் நின்றிருந்த ஒரு பெண்ணை, எங்கே போகிறாய் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்று கைது செய்து, நீதிமன்றத்தில் 660 பவுண்டு அபராதம் போட்டார்கள். தவறான சட்டப் பிரிவில் வழக்குப் போடப்பட்டிருந்தது பிறகுதான் தெரிந்தது, தண்டனை ரத்தானது. அரசு வழக்குத் துறை தானே மறு ஆய்வு செய்தபோது, அந்தக் கொரோனா வைரஸ் சட்டத்தின் கீழ் முடிந்திருந்த 44 வழக்குகளில் நாற்பத்து நான்குமே தவறு என்று மே மாதத்தில் ஒப்புக்கொண்டது. சட்டத்தை அமல்படுத்துகிறவர்களுக்கே சட்டம் பிடிபடாதபோது, சாலையில் நிற்கும் ஒருவர் தான் மீறுகிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வார்?

அபராதச் சீட்டு வாங்கியவர்கள் ஒரு விதத்தில் பிழைத்தார்கள். மற்ற இடங்களில் தடி பேசியது. கென்யாவின் நைரோபியில் 2020 மார்ச் 30 இரவு, ஊரடங்கை அமல்படுத்திய போலீஸ் சுட்ட குண்டு, தன் வீட்டு மாடியில் நின்ற 13 வயதுச் சிறுவனைக் கொன்றது. பிலிப்பைன்ஸின் கவிட்டே மாகாணத்தில், இரவு ஊரடங்கு நேரத்தில் தண்ணீர் வாங்க வெளியே வந்த 28 வயது இளைஞரை நூறு முறைக்கு மேல் உட்கார்ந்து எழச் செய்தார்கள். 2021 ஏப்ரலில் அவர் இறந்துபோனார். நம் ஊர்ச் சாலைகளில் தோப்புக்கரணம் போட வைத்த காணொளிகளைச் சிரித்துக்கொண்டே பகிர்ந்தோமே, அதே வகைத் தண்டனைதான் இது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லித் தந்தையைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள்; பின்னாலேயே மகனும் போனார். இருவரும் திரும்பி வரவில்லை. அதன் பிறகு அந்தக் காணொளிகளைப் பார்த்து யாரும் சிரித்திருக்க முடியாது.

விதியை எழுதிய கைகள்

வேல்ஸ், இங்கிலாந்து என்று மாறிய விதிகளைவிட ஆழமான சேதத்தை வேறொன்று செய்தது. ஸ்காட்லாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கேத்தரின் கால்டர்வுட், வீட்டிலேயே இருக்கச் சொல்லித் தொலைக்காட்சியில் தோன்றியவர், கடற்கரை ஊரில் இருந்த தன் இரண்டாவது வீட்டுக்கு இரண்டு வார இறுதிகளில் போய்வந்தது தெரிந்து ஏப்ரல் 5 அன்று பதவி விலகினார். நியூசிலாந்தின் சுகாதார அமைச்சர் டேவிட் கிளார்க், குடும்பத்தோடு 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த கடற்கரைக்குப் போனதாக ஒப்புக்கொண்டார். அமைச்சரவை வரிசையில் கடைசி இடத்துக்கு இறக்கப்பட்டு, ஜூலையில் விலகினார். அயர்லாந்தில் ஆகஸ்ட் மாதம் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்ட ஒரு கோல்ஃப் சங்க விருந்து, வேளாண் அமைச்சர் ஒருவரையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் வணிக ஆணையரையும் பதவியிலிருந்து இறக்கியது. ஒன்றரை ஆண்டு கழித்து நீதிமன்றம், விருந்தை ஏற்பாடு செய்தவர்கள் மேல் குற்றமில்லை என்று விடுவித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கம்மிங்ஸ் மட்டும் விலகவில்லை. டர்ஹம் போனதோடு, ஏப்ரல் 12 அன்று அங்கிருந்து பார்னார்ட் காசில் என்ற ஊருக்கும் காரில் போய்வந்திருந்தார். நோய்க்குப் பின் கண்பார்வை வண்டி ஓட்டும் அளவுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன் என்றார். டர்ஹம் போலீஸ் அது சிறு மீறலாக இருக்கலாம் என்று சொல்லி, மேல் நடவடிக்கை இல்லை என்று முடித்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் அந்த வாரங்களில் பல்லாயிரம் பேரிடம் தொடர்ந்து கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். செய்தி வெளிவந்த மே 22 முதல் இங்கிலாந்தில் அரசின் மேலிருந்த நம்பிக்கை சட்டென்று சரிந்ததையும், தனி அரசுகள் நடந்த ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அப்படிச் சரியாததையும் 'லான்செட்' மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள்.

ஏன் அவ்வளவு கோபம்? மே மாதத்துக்குள் அந்த நாட்டில் எத்தனையோ பேர் தாயின் கடைசி மூச்சைக் கைபேசித் திரையில் பார்த்திருந்தார்கள். விதி அப்படிச் சொன்னது என்பதால் அழுதுகொண்டே அதற்குக் கட்டுப்பட்டார்கள். பிள்ளைக்காகப் போனேன் என்று அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஒரு தகப்பனின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதே பயத்தோடு வீட்டிலேயே இருந்த தகப்பன்களின் தியாகத்தை அந்த விளக்கம் அர்த்தமில்லாமல் செய்துவிட்டது. அதே பிரதமர் அலுவலகத்தில் நடந்த விருந்துகள் பின்னர் வெளிவந்தன. லண்டன் போலீஸ் 83 பேருக்கு 126 அபராதங்கள் விதித்தது. அவர்களில் ஒருவர் ஜான்சன்.

மனம் இருந்தும் முடியாதவர்கள்

மீறலை ஒழுக்கக் குறையாகப் பார்ப்பது சுலபம். ஆய்வுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. பிரிட்டனில் தொற்று அறிகுறி வந்தால் தனிமையில் இருப்பீர்களா என்று கேட்டபோது பத்தில் ஏழு பேர் அளவுக்கு இருப்போம் என்றார்கள். உண்மையில் முழுமையாக இருந்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. யாருக்கு முடியவில்லை என்று பார்த்தால்: சிறு குழந்தை உள்ளவர்கள், பண நெருக்கடியில் இருந்தவர்கள், கூலி உழைப்பாளிகள், அத்தியாவசியத் துறையில் வேலை பார்த்தவர்கள். அந்த ஆண்டு அங்கே சட்டப்படியான நோய்க்கால உதவித்தொகை வாரத்துக்கு 95.85 பவுண்டு. தனிமையை மீறினால் அபராதம் 1,000 பவுண்டிலிருந்து தொடங்கியது. வீட்டில் இருந்தால் வாடகை போகும், வெளியே போனால் அபராதம் வரும். அமெரிக்காவில் கைபேசி இருப்பிடத் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வுகளும் இதையே சொன்னன: ஊரடங்கு வந்ததும் வசதியான பகுதிகளில் நடமாட்டம் வேகமாகக் குறைந்தது, ஏழைப் பகுதிகளில் அவ்வளவு குறையவில்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்க முடிந்தவர்களுக்கு மற்றவர்கள் கதவருகே சாமான் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அரசுகளே இதைப் பாதி ஒப்புக்கொண்டன. 2020 ஜூன் 9 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், புலம்பெயர்ந்த தொழிலாளர்களை 15 நாளுக்குள் ஊருக்கு அனுப்பச் சொன்னதோடு, சாலையில் நடந்ததற்காக அவர்கள் மேல் போட்ட பேரிடர் மேலாண்மைச் சட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவது பற்றிப் பரிசீலிக்கச் சொன்னது. 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டு முதல்வர் எடப்பாடி பழனிசாமி, ஊரடங்கு மீறல் வழக்குகளில் சுமார் 10 லட்சத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். வன்முறை, போலீசைத் தடுத்தது, முறைகேடாக இ-பாஸ் வாங்கியது ஆகியவை மட்டும் விலக்கு. பத்து லட்சம் வழக்குகளைப் போடும்போது இந்தப் பிரிப்பு யாருக்கும் தோன்றவில்லை.

முன்கூட்டியே தோன்றிய இடங்களும் உண்டு. இங்கிலாந்தில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் குடும்பங்கள் இரண்டு, ஒரு நாளைக்கு ஒரு முறை, வீட்டுக்குப் பக்கத்தில் மட்டும் என்ற கட்டுப்பாட்டில் தங்கள் பிள்ளைகளால் தாக்குப்பிடிக்க முடியாது என்று வழக்கறிஞர் மூலம் அரசுக்கு எழுதின. வழக்கு நடக்கும் முன்பே, ஏப்ரல் தொடக்கத்தில், உடல்நிலை காரணமாகத் தேவைப்படுகிறவர்கள் பல முறை வெளியே போகலாம், தங்களுக்கு அமைதி தரும் தூரத்து இடங்களுக்கு வண்டியில்கூடப் போகலாம் என்று வழிகாட்டுதல் மாற்றப்பட்டது. விதி அமலுக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

இந்தியாவில் தொழிலாளர்களை ஊருக்கு ஏற்றிச் சென்ற முதல் சிறப்பு ரயில், தெலங்கானாவின் லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டின் ஹாத்தியாவுக்குச் சுமார் 1,200 பேருடன் விடியும் முன் கிளம்பியது. அன்று மே 1. ஊரடங்கின் 38-ஆம் நாள்.